ஆன்சன் ஜெயரத்னம்: ஒற்றை ஆளாக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர் என்னதான் சாதித்தார்?

செந்தில்_உட்லண்ட்ஸ்:
போன வாரம் இங்கே சிங்கப்பூரில் பிராஸ் பாசா பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் ஜே.பி. ஜெயரத்னம் எழுதிய புத்தகம் ஒன்று கிடைத்தது. வாங்கி வந்தேன். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய மனிதர், அட்டையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார், அதில் பாதி பாராட்டு, மீதி திட்டு. "அவன் ஒருத்தன்தான்யா பேசினான்" என்பார், அடுத்த நிமிஷமே "வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்" என்பார். நான் இங்கே வந்து எட்டு வருஷம்தான் ஆகிறது, ஊர்ப்பக்கம் இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. ஒரு சின்ன நாட்டில் எதிர்க்கட்சி எம்.பி.யாக அஞ்சு வருஷம், அப்புறம் தொகுதி இல்லாத எம்.பி.யாக நாலு வருஷம் சொச்சம். மற்ற காலமெல்லாம் நீதிமன்றம். இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய_துறைமுகம்:
தம்பி, வெற்றியா தோல்வியா என்று அப்புறம் பார்க்கலாம், முதலில் 1981 அக்டோபர் 31 அன்று என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1968 தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) 58க்கு 58. 1972இல் 65க்கு 65. 1976இல் 69க்கு 69. 1980இல் 75க்கு 75. எதிர்க்கட்சியாக இருந்த பாரிசான் சோசலிஸ் 1966இல் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறிய பிறகு எதிர்வரிசை என்று ஒன்று இருந்ததையே எங்கள் வயதுக்காரர்கள் மறந்துபோயிருந்தோம். அப்போது ஆன்சன் தொகுதி எம்.பி.யாக இருந்த தேவன் நாயர் நாட்டின் அதிபர் ஆகிறார், தொகுதி காலியாகிறது, இடைத்தேர்தல். மசெக சார்பில் பாங் கிம் ஹின், முன்னாள் அமைச்சர் லிம் கிம் சானின் உறவினர். எதிரே ஜெயரத்னம். அதற்கு முன்னால் 1972, 1976, 1977, 1979, 1980 என்று நின்ற இடமெல்லாம் தோற்றவர். சுவரொட்டியில் அந்தப் பெரிய கிருதாவைப் பார்த்தால் "மறுபடியும் வந்துட்டார்யா" என்று சிரிப்போம்.

ஓட்டு எண்ணிக்கை எனக்கு இன்றும் மனப்பாடம். ஜெயரத்னம் 7,012. பாங் 6,359. மூன்றாவதாக நின்ற ஹர்பன்ஸ் சிங் 131. வித்தியாசம் 653தான், ஆனால் அன்று இரவு தூங்கியவர்கள் குறைவு.

ஏன் ஜெயித்தார் என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். நான் துறைமுகத்தில் வேலை பார்த்தவன், எனக்குத் தெரிந்த காரணம் பிளேர் பிளெயின். துறைமுக ஊழியர்களுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகள் அங்கே இருந்தன, கொள்கலன் முனையம் விரிவாவதால் காலி செய்யச் சொன்னார்கள். வேறு வீடு கேட்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வரிசையில் முன்னுரிமை கிடையாது. குடும்பத்தோடு எங்கே போவது? அந்த ஓட்டெல்லாம் எங்கே விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணம் ஏறியிருந்ததும் சேர்ந்துகொண்டது. பெரிய ஜனநாயகக் கொள்கைக்காக மக்கள் போட்ட ஓட்டு என்று புத்தகத்தில் எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வீட்டுக்காகப் போட்ட ஓட்டு.

கோம்பாக்_ரவி:
அண்ணே சொன்னது சரி. அவருடைய ஆட்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்சன் என்பது 1961 இடைத்தேர்தலில் டேவிட் மார்ஷல் ஜெயித்த தொகுதி. மார்ஷல்தான் 1957இல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கியவர். 1971இல் செத்துக்கிடந்த அந்தக் கட்சியைத்தான் ஜெயரத்னம் எடுத்து நடத்தினார். ஆக, இருபது வருஷம் கழித்து அதே கட்சி, அதே தொகுதி, அதே மாதிரி இடைத்தேர்தல். தனி மனிதனின் அற்புதம் என்று ஊதுவதற்கு முன் அந்த மண்ணுக்கே ஒரு பழக்கம் இருந்தது என்பதையும் பாருங்கள்.

நான் மலேசியாக்காரன், எங்கள் ஊரில் எதிர்க்கட்சி என்பது அதிசயமில்லை. அதனால் இவரைப் பற்றிய பக்திப் பாட்டு எனக்குக் கொஞ்சம் அலுப்பு. பொத்தோங் பாசிர் தொகுதியில் இன்னொரு எதிர்க்கட்சிக்காரர் சியாம் சீ தோங் 1984இல் ஜெயித்து 2011 வரை தொகுதியைக் கையில் வைத்திருந்தார். 27 வருஷம்! சத்தம் போடவில்லை, அவதூறு வழக்கில் ஓட்டாண்டியாகவில்லை. எது சாமர்த்தியம்?

சங்கானை_மகள்:
ரவி அண்ணாவின் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். நான் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில், எங்கள் சங்கானையில், 1926 ஜனவரி 5. எங்கட ஊர்ப் பழசுகள் சில பேர் இன்னும் "சங்கானைப் பெடியன் சிங்கப்பூர் பாராளுமன்றத்தை ஆட்டினவன்" என்று கதைப்பார்கள். உண்மையில் தகப்பன் மலாயாவில் பொதுப்பணித் துறை வேலை, லீவில் ஊருக்கு வந்த நேரம் பிள்ளை பிறந்தது, அவ்வளவுதான். வளர்ந்தது ஜொகூரில், படித்தது ஆங்கிலப் பள்ளிகளில், கும்பிட்டது ஆங்கிலிக்கன் கோயிலில். ஜப்பான்காரன் வந்தபோது ஜப்பான் மொழி படித்துப் பிழைத்தார். போர் முடிந்து லண்டனில் சட்டம். மனைவி மார்கரெட் ஆங்கிலேயப் பெண்மணி, அவரும் வழக்கறிஞர். ஆகவே "நம்ம ஆள்" என்று தோளில் தூக்குகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகத் தூக்குங்கள். ஆன்சன் சீனர் அதிகம் வாழ்ந்த தொகுதி, அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டுப் போடவில்லை.

அந்த மார்கரெட் 1980இல் புற்றுநோயால் இறந்தார், ஆன்சன் வெற்றிக்கு முந்தின வருஷம். அத்தனை தோல்வியிலும் பக்கத்தில் நின்ற மனுசிக்கு அந்த ஒரு இரவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. எனக்கு அவர் கதையில் மனதில் நிற்பது இதுதான்.

வழக்காடி:
நீதிமன்றப் பக்கத்தை நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளாமல் சியாமோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

முதலில் ஒரு விஷயம். இவர் வெளியிலிருந்து கல்லெறிந்தவர் இல்லை. 1952இல் சட்டத்துறை அரசுப் பணியில் சேர்ந்தவர், குற்றவியல் நடுவர், மாவட்ட நீதிபதி, உச்ச நீதிமன்றப் பதிவாளர் என்று ஏறியவர். 1963இல் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் செய்ய வந்தார். நீதித்துறையின் உள்ளே உட்கார்ந்திருந்த ஆள் என்பதால்தான் பின்னால் அதைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு சூடு.

1976 தேர்தல் கூட்டத்தில் பேசியதற்காக அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ அவதூறு வழக்குப் போட்டார், 1979இல் 130,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நட்டஈடு என்று தீர்ப்பு, செலவு தனி. அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அங்கேயும் தோற்றார். ஆக எம்.பி. ஆவதற்கு முன்பே கடனாளி.

அடுத்தது கட்சிக் கணக்கு வழக்கு. பாட்டாளிக் கட்சி வேறொரு அவதூறு வழக்கில் தோற்று எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. கட்சிக்கு வந்த மூன்று காசோலைகளை அந்தப் பணம் கேட்டவர்களுக்கு எட்டாதபடி வேறு பக்கம் திருப்பினார்கள், கணக்கைப் பற்றிப் பொய்யாக உறுதிமொழி கொடுத்தார்கள் என்று ஜெயரத்னம் மீதும் கட்சித் தலைவர் வோங் ஹோங் தோய் மீதும் குற்றச்சாட்டு. 1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்து, ஒன்றுக்கு மட்டும் 1,000 வெள்ளி அபராதம் போட்டார். அப்புறம் அந்த நீதிபதி அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். இதை நாடாளுமன்றத்தில் ஜெயரத்னம் கிளப்ப, 1986இல் விசாரணைக் குழு உட்கார்ந்து, நிர்வாகத் தலையீடு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. இதற்கிடையில் அரசுத் தரப்பு மேல்முறையீடு, மறுவிசாரணை, கடைசியில் 1986 நவம்பரில் ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம்.

இதில் சிறையைவிட அபராதத் தொகைதான் முக்கியம். அப்போதைய அரசமைப்புச் சட்டப்படி 2,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் என்றால் எம்.பி. பதவி போகும், அஞ்சு வருஷம் தேர்தலில் நிற்கவும் முடியாது. போயிற்று ஆன்சன். 1987இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் பெயரை நீக்கினார்கள்.

அங்கேதான் கதை திரும்புகிறது. குற்றத் தீர்ப்பை நேராக பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுபோக வழியில்லை. வழக்கறிஞர் பெயர் நீக்கத்தைக் கொண்டுபோக வழி இருந்தது. அந்தச் சன்னல் வழியாக உள்ளே போய் 1988 அக்டோபரில் முழு வழக்கையும் அவர்கள் பார்க்கும்படி செய்துவிட்டார். செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள், கடுமையான அநீதி நடந்திருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். வக்கீல் கோட்டு திரும்பக் கிடைத்தது. ஆனால் குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது! அதிபரிடம் மன்னிப்புக் கேட்டு மனு, அமைச்சரவை ஆலோசனைப்படி அதுவும் மறுக்கப்பட்டது. 1988 தேர்தல் செப்டம்பரில், தீர்ப்பு அக்டோபரில். அஞ்சு வருஷத் தடை 1991 நவம்பரில் முடிய வேண்டும், அடுத்த தேர்தல் 1991 ஆகஸ்டில் வந்து போய்விட்டது. காலண்டரும் அவருக்கு எதிர்க்கட்சிதான்.

செந்தில்_உட்லண்ட்ஸ்:
வழக்காடி, ஒரு நிமிஷம். 2025 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சியின் பிரித்தம் சிங்குக்கு இரண்டு குற்றச்சாட்டுக்கும் தலா 7,000 வெள்ளி அபராதம் போட்டார்களே, அவர் எம்.பி.யாகவே இருந்து தேர்தலிலும் நின்றார். அந்த 2,000 வெள்ளி வரம்பு என்ன ஆனது?

வழக்காடி:
2022இல் வரம்பை 10,000 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். பழைய வரம்பு இருந்திருந்தால் பாட்டாளிக் கட்சியின் இன்னொரு தலைமைச் செயலாளரும் அதே வழியில் வெளியே போயிருப்பார்.

பீஷான்_டீச்சர்:
எல்லோரும் லீ குவான் இயூ வழக்கையே பேசுகிறீர்கள். அவரை ஓட்டாண்டியாக்கியதில் தமிழுக்கு இருக்கிற பங்கை யாரும் எழுதவில்லையே, நம் ஆட்களே இதை மறந்துவிட்டார்கள்.

1995இல் பாட்டாளிக் கட்சிப் பத்திரிகையில் ஒரு தமிழ்க் கட்டுரை வந்தது. தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களை அரசாங்கத்துக்கு ஆமாம் போடுகிறவர்கள் என்ற தொனியில் தாக்கி எழுதியிருந்தார்கள். எழுதியது ஜெயரத்னம் இல்லை, ஆனால் பத்திரிகைக்கு ஆசிரியர் அவர். ஏற்பாட்டுக் குழுவினர் வழக்குப் போட்டார்கள், கட்டுரையால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன மற்றவர்களும் போட்டார்கள். மொத்த நட்டஈடு 265,000 வெள்ளி. தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருந்தவர், ஒரு தவணை நாள் தவறியதில் 2001இல் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டார். நொடித்துப்போனவர் எம்.பி.யாக இருக்க முடியாது. ஜூலையில் மேல்முறையீடும் தோற்க, பதவி போயிற்று.

பிரதமரை எதிர்த்துப் பேசிய ஆளை நாடாளுமன்றத்திலிருந்து கடைசியாக வெளியே அனுப்பியது ஒரு தமிழ்க் கட்டுரை. வழக்குப் போட்டவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், மொழிக்காக ராத்திரி பகலாக ஓடுகிறவர்களைக் கைக்கூலி என்கிற மாதிரி எழுதினால் வலிக்கத்தான் செய்யும். நானே பள்ளியில் அந்த மாதிரி விழாக்களுக்கு நாற்காலி தூக்கிப் போட்டவள். ஆனாலும் ஒரு கட்டுரைக்கு ஒரு எம்.பி. என்பது ரொம்பப் பெரிய விலை.

கோம்பாக்_ரவி:
டீச்சர், இதைத்தான் நானும் சொல்கிறேன்! தன் பெயரில் வெளிவருகிற பத்திரிகையில் என்ன அச்சாகிறது என்று பார்க்காத கவனக்குறைவு. 1997இலும் அதே கதை. செங் சான் குழுத்தொகுதியில் (பல பேர் ஒரே அணியாக நிற்கிற தொகுதி) டாங் லியாங் ஹோங்கோடு சேர்ந்து நின்றார். கடைசிக் கூட்டத்தில் மேடையில் நின்று, பிரதமர் கோ சோக் தோங் மீதும் அவருடைய ஆட்கள் மீதும் டாங் கொடுத்த இரண்டு போலீஸ் புகார்கள் என் முன்னால் இருக்கின்றன என்று ஒரு வரி சொன்னார். ஒரே வரி. வழக்கு. முதலில் 20,000 வெள்ளி, மேல்முறையீட்டில் 100,000 வெள்ளி. இருபது வருஷம் அவதூறு வழக்கில் அடிபட்ட வக்கீலுக்கு மைக்கைக் கையில் வாங்கும்போது இது தெரியாதா?

பழைய_துறைமுகம்:
ரவி, தெரியும், தெரிந்துதான் பேசினார். அது கவனக்குறைவு இல்லை, அவர் குணமே அது. சரி, நீ கேட்ட சியாம் கேள்விக்கு வருகிறேன். 1981 முதல் 1984 வரை 75 பேர் சபையில் இவர் ஒருவர். எதிரே 74 பேர், அதில் லீ குவான் இயூ. அங்கே எழுந்து நின்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பவர்களைப் பற்றிக் கேட்கிறார், நீதிபதியை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிறார். பதில் என்று ஒன்று வரும், அதோடு சேர்த்து வசையும் வரும். மறுநாள் பத்திரிகையில் அதைப் படிக்கிற என்னைப் போன்றவனுக்கு முதல்முறையாக ஒன்று தோன்றியது, கேள்வி கேட்கலாம் போலிருக்கிறதே என்று. 1984இல் ஆன்சன்காரர்கள் அவரை மறுபடி அனுப்பினார்கள், கிட்டத்தட்ட 57 சதவீதம். முதல்முறை வீட்டுக்கோபம் என்று நானே சொன்னேன், இரண்டாவது முறை அப்படி இல்லை. அதே தேர்தலில் மசெக ஓட்டு 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, சியாம் உள்ளே வந்தார். கதவைத் தோளால் இடித்தவனுக்குத் தோள் வீங்கும், பின்னால் வருகிறவன் சட்டை கசங்காமல் நுழைவான். சியாமைக் குறைத்துச் சொல்லவில்லை, நல்ல மனுஷர்.

வழக்காடி:
இன்னும் ஒன்று. 1984 தேர்தலுக்கு முன்பே தொகுதியில்லா எம்.பி. என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள், அதிக ஓட்டு வாங்கித் தோற்ற எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு நாற்காலி. ஜெயரத்னம் அதைப் போலி என்று எதிர்த்தார். அந்த வருஷம் அவர் கட்சியின் எம்.பி.டி. நாயருக்கு அந்த இடம் வந்தபோது வேண்டாம் என்று திருப்பினார்கள். 1988இல் குழுத்தொகுதி வந்தது, சிறுபான்மையினருக்கு இடம் உறுதி செய்யத்தான் என்றார்கள். ஆனால் பெரும்பாலும் சீனர் வாழும் ஒரு தனித்தொகுதியில் ஒரு தமிழர் இரண்டு முறை ஜெயித்துக் காட்டியிருந்தார்! ஆன்சன் தொகுதியே 1988 தேர்தல் வரைபடத்தில் காணாமல் போனது. 1994இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகிற வழி முழுதாக அடைபட்டது, சுதந்திர நாடு வெளிநாட்டு நீதிமன்றத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாமே அவருக்காகச் செய்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது. தேதிகளை வரிசையாக வைத்துவிட்டேன், நீங்களே பாருங்கள்.

கோம்பாக்_ரவி:
போலி என்று சொன்ன அதே நாற்காலியில் 1997இல் அவரே போய் உட்கார்ந்தாரே! செங் சானில் 45 சதவீதம் வாங்கித் தோற்ற பிறகு. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வழக்காடி:
விடவில்லை. உட்கார்ந்தார். 71 வயது, வேறு வழியில்லை. எனக்கும் அது உறுத்தும்.

சங்கானை_மகள்:
1992 மரீன் பரேட் இடைத்தேர்தலையும் சொல்லுங்கோ. தடை முடிந்து வந்த முதல் வாய்ப்பு. வேட்புமனு நாளில் பாட்டாளிக் கட்சி அணியில் ஒரு ஆள் வரவே இல்லை. நாலு பேர் இல்லாமல் மனுக் கொடுக்க ஏலாது. முடிந்தது கதை. எதிரி செய்யாததைச் சொந்த ஆள் செய்கிறது எங்கள் அரசியலில் மட்டும் இல்லைப்போல.

பீஷான்_டீச்சர்:
நான் அவரை நேரில் பார்த்திருக்கிறேன். 2001இல் கட்சிப் பொறுப்பு லோ தியா கியாங்கிடம் போய்விட்டது, ஜெயரத்னம் அதை நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். அப்புறம் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் தன் புத்தகங்களை வைத்துக்கொண்டு நிற்பார். முழுக்கோட்டு, வெள்ளைக் கிருதா, வெயில். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போகும், நிற்பவர்கள் சட்டென்று வாங்கிச் சட்டென்று நகர்வார்கள். நான் மூன்று முறை கடந்து போனேன். நான்காவது முறைதான் வாங்கினேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயம்தான். பெயர் கேட்டார், கையெழுத்துப் போட்டார், குரல் நீதிமன்றத்தில் பேசுகிற மாதிரியே கணீர். பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்துகிறாய் என்று கேட்டார். தமிழ் என்றேன். ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

பழைய_துறைமுகம்:
டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் பகுதியை நான் எழுதிவிடுகிறேன். 2007 மே மாதம் 233,255 வெள்ளி சொச்சம் கட்டி முடித்து நொடிப்பிலிருந்து வெளியே வந்தார். அதே வருஷம் மறுபடி வக்கீல் கோட்டு. 81 வயதில் கோர்ட்டுக்குப் போகிறார் அய்யா! 2008இல் சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார், அடுத்த தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார். அந்த வருஷம் செப்டம்பர் 30 அதிகாலை, இதயம் நின்றுவிட்டது. மூத்த மகன் கென்னத் பிறகு அந்தக் கட்சியை நடத்தினார். இளையவர் பிலிப் வழக்கறிஞர், கதை எழுதுகிறவர், 2021இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். அப்பாவின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அடித்த ஊரிலேயே.

கோம்பாக்_ரவி:
நீதிபதி விஷயம் எனக்குத் தெரியாது. சரி, என் கருத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மேடையில் வாயைக் கட்டியிருக்கலாம் என்கிற பாதி அப்படியே இருக்கும்.

செந்தில்_உட்லண்ட்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். 131 ஓட்டு வாங்கியவரின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நீங்க யாருக்குப் போட்டீங்க அங்கிள்?" என்று கேட்டேன். தான் அப்போது தெலுக் பிளாங்காவில் இருந்ததாகவும் ஆன்சனில் தனக்கு ஓட்டே இல்லை என்றும் சொன்னார். 1980இல் ஜெயரத்னம் தோற்றது தெலுக் பிளாங்காவில்தானே என்று நான் கேட்க, எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

டீச்சர், நான் வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஒரு கையெழுத்து இருக்கிறது. யாருக்கு என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் யாரோ நீல மையால் அழுத்தி அடித்திருக்கிறார்கள்.